முணுமுணுக்கும் துறைமுகம்: ஜெனோவாவில் ஐந்து நாள்

அக்டோபர் 14, முதல் நாள் இரவு

மகள் மிலானில் வேலை பார்க்கிறாள். மூன்று வருடமாக "ஒரு தடவை வந்துட்டுப் போங்கப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு தட்ட வழியில்லை. அவள் போட்ட திட்டத்தில் ஜெனோவா ஒரு இரவுத் தங்கல் மட்டும்தான். மறுநாள் காலையிலேயே கடலோரக் குன்றுகளில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிங்க்வே தேர்ரே கிராமங்களுக்குக் கிளம்பியிருக்க வேண்டும்.

ரயில் வேலைநிறுத்தம் குறுக்கே வந்து திட்டத்தைக் கலைத்துவிட்டது. ஒன்றரை மணி நேரப் பயணத்துக்கு மதியம் ஒரு மணிக்கு மிலான் ஸ்டேஷனுக்குப் போனோம். ஜெனோவாவின் பியாட்ஸா பிரின்சிபே நிலையத்தில் இறங்கும்போது இரவு எட்டரை. நடுவில் பிளாட்பாரத்தில் பெட்டிமேல் உட்கார்ந்திருந்த நேரத்தில், பக்கத்திலிருந்த ஒரு அம்மா பையிலிருந்து ஆரஞ்சை எடுத்து உரித்தார். எங்களை ஏறிட்டுக்கூடப் பார்க்காமல், தன் பேத்திக்குக் கொடுப்பதைப் போல ஆளுக்கு இரண்டு சுளை நீட்டினார். மதியத்திலிருந்து வயிற்றில் விழுந்தது அது ஒன்றுதான்.

ஸ்டேஷனிலிருந்து தங்குமிடம் அரைக் கிலோமீட்டர். அதற்கு நாற்பது நிமிடம் ஆயிற்று. ஜெனோவாவின் பழைய நகரம் முழுக்கச் சந்துகள். 'காருஜ்ஜி' என்கிறார்கள். சில இடங்களில் இரண்டு கையையும் விரித்தால் இரு பக்கச் சுவரும் விரலில் படும். அந்தச் சுவர்கள் ஆறு மாடி, ஏழு மாடி உயரம். அண்ணாந்து பார்த்தால் வானம் ஒரு நாடா அகலத்துக்குத் தெரிகிறது. அந்த நாடாவிலும் யார் வீட்டுத் துணியோ காய்கிறது. ஒரு கோழிக்கடை, அடுத்து ஊருக்குப் பணம் அனுப்பும் கடை, அடுத்து ஆப்பிரிக்க இளைஞர்கள் கூடிப் பேசும் முடிவெட்டும் கடை, அதற்கடுத்து பூட்டிக் கிடக்கும் பளிங்கு வாசல். மீன், மூத்திரம், ஈரக்கல், காய்ந்த எண்ணெய் எல்லாம் கலந்த வாடை. தூத்துக்குடித் துறைமுகத்தில் 31 வருடம் டாலி கிளார்க்காக, அதாவது ஏற்றி இறக்கும் சரக்கை எண்ணிக் கணக்கெழுதுகிறவனாக, இருந்தவன் நான். அந்த வாடை எனக்குப் புதிதில்லை. மகளுக்குத்தான் பயம். "பைய வாங்கப்பா, என் பக்கத்துலயே வாங்க" என்று என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தெருமுனைகளில் முதல் மாடி உயரத்தில் சுவருக்குள் குடைந்த மாடங்களில் மாதா சொரூபம் இருந்தது. சிலவற்றில் விளக்கு எரிந்தது. எங்கள் ஊர் மாதா கெபி ஞாபகம் வந்ததும் எனக்கு ஒரு தைரியம்.

வீட்டு வாசலில் பெட்டியின் சக்கரம் கல் இடுக்கில் மாட்டி முறிந்தது. லிஃப்ட் இல்லாத ஐந்தாவது மாடி. கருஞ்சாம்பல் நிறப் பலகைக்கல் படிகள், நூற்றாண்டுகளாக மிதிபட்டு நடுவில் குழிந்து கிடந்தன. நாங்கள் திகைத்து நிற்கும்போது கீழ்வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு எழுபது வயசுக்காரர் ஒருவர் வந்தார். வணக்கம் கிடையாது, சிரிப்பு கிடையாது. பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு படியேறத் தொடங்கிவிட்டார். ஏறும்போது வாய் ஓயவே இல்லை.

"என்னட்டி சொல்லுதாரு? கோபமா இருக்காரா?"

"கோபம் இல்லப்பா. படி உயரமா இருக்காம், பெட்டி கனமா இருக்காம், இந்த ஊரு நாசமாப் போச்சாம், பிள்ளைங்க எல்லாம் மிலானுக்குப் போயிருச்சாம்."

கடைசி வாக்கியத்தில் அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. ஐந்தாவது மாடியில் பெட்டியை இறக்கிவைத்தார். நான் நீட்டிய பணத்தைக் கையாலேயே தள்ளிவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போனார்.

இரவு பத்து மணிக்குத் திறந்திருந்த ஒரு சின்னக் கடையில் 'ஃபரினாத்தா' சாப்பிட்டோம். கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு. அவ்வளவுதான் சேர்மானம். ஈயம் பூசிய பெரிய செம்புத் தட்டில் மெல்லிசாக ஊற்றி, விறகு அடுப்பின் வாய்க்குள் தள்ளுகிறார்கள். மேலே மொறுமொறுப்பு, உள்ளே கூழ் மாதிரி இளக்கம். மிளகுத்தூள் தூவி, தாளில் வைத்துக் கொடுத்தார்கள். ஒரு துண்டு 3 யூரோ. பெயர் தெரியாத ஊரில், பசித்த வயிற்றில், பஜ்ஜி மாவின் வாசனை எழுந்து வந்தால் எப்படி இருக்கும்? மூன்று துண்டு சாப்பிட்டேன்.

கடைக்காரர் ஒரு கதை சொன்னார். 1284இல் மெலோரியா என்ற இடத்தில் ஜெனோவாவும் பீசாவும் கடலில் மோதின. ஜெனோவா ஜெயித்தது. திரும்பும் வழியில் புயல். கப்பலில் எண்ணெய்ப் பீப்பாயும் கடலை மாவு மூட்டையும் உடைந்து கடல் தண்ணீரில் கலந்துவிட்டன. வேறு தீனி இல்லை. அந்தக் கூழை வெயிலில் வைத்தார்கள், அது காய்ந்து அடையானது, அதுவே ஃபரினாத்தா. உண்மையோ கட்டுக்கதையோ, வீணான சரக்கிலிருந்து உணவு பிறந்த கதையைத் துறைமுகத்துக்காரன் நம்பத்தான் செய்வான்.

அக்டோபர் 15, இரண்டாம் நாள்

வானம் முழுக்கச் சாம்பல். மழை இல்லை, காற்று இல்லை, சட்டை மட்டும் முதுகில் ஒட்டுகிறது. தெற்கிலிருந்து ஈரக்காற்று வந்து, ஊருக்குப் பின்னால் சுவர் போல நிற்கும் மலையில் முட்டி அப்படியே தேங்கிவிடுமாம். இதற்கென்றே ஜெனோவாக்காரர்களிடம் 'மக்காயா' என்று ஒரு சொல் இருக்கிறது. வேறு ஊர்க்காரர்களுக்கு இது புழுக்கம். இவர்கள் இந்தச் சொல்லைச் சொல்லும்போது முகத்தில் வருவது ஒருவிதச் சோகம்.

காலைச் சாப்பாடு எனக்குப் பெரிய ஆச்சரியம். ஃபொக்காச்சா என்கிற தட்டை ரொட்டி, விரல் பதித்த குழிகளில் எண்ணெயும் உப்பும் தேங்கி நிற்கும். அதைக் கப்புச்சினோ காபியில் முக்கிச் சாப்பிடுகிறார்கள். உப்பும் எண்ணெயும் காபியிலா என்று தயங்கினேன். பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடப் பையன் உப்புப் பக்கம் நாக்கில் படும்படி ரொட்டியைக் கவிழ்த்துக் காட்டினான். அப்படியே செய்தேன். வர்க்கியை டீயில் நனைத்து வளர்ந்தவனுக்கு இதில் தயங்க என்ன இருக்கிறது? காபியும் ரொட்டியும் சேர்த்து 3 யூரோ 50.

வீட்டுக்காரம்மா சாவி மாற்றிக் கொடுக்க வந்தார். நேற்றுப் பெட்டி தூக்கியவரைப் பற்றி மகள் சொன்னதும் சிரித்துவிட்டார். "அதுக்குப் பேர் முகூஞ்ஞோ" என்றார். முணுமுணுப்பு என்று அர்த்தம். ஒலியிலேயே நம் சொல்லுக்குப் பக்கத்தில் நிற்கிறது. பழைய காலத்தில் ஜெனோவா மாலுமிகளுக்கு இரண்டு விதமான ஒப்பந்தம் உண்டாம். ஒன்றில் சம்பளம் கூடுதல், ஆனால் கப்பலில் வாய் திறந்து குறை சொல்லக் கூடாது. இன்னொன்றில் சம்பளம் குறைவு, முணுமுணுக்கும் உரிமை உண்டு. ஜெனோவாக்காரர்கள் இரண்டாவதில்தான் கைநாட்டு வைப்பார்களாம். ஊரில் வழிவழியாகச் சொல்லும் கதை. கேட்டதும் எனக்கு எங்கள் வார்ஃபில் சரக்கு இறக்கிய ஆட்களின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. அவர்களிடம் கேட்டிருந்தாலும் இரண்டாவதைத்தான் எடுத்திருப்பார்கள்.

சான் லொரென்ஸோ பேராலயம் வெளியே கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாக இருக்கிறது. உள்ளே வலது பக்க நடையில் ஒரு பீரங்கிக் குண்டை நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள். 1941 பிப்ரவரி 9 அன்று பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் கடலிலிருந்து இந்த ஊரைச் சுட்டன. 381 மில்லிமீட்டர் குண்டு ஒன்று ஆலயச் சுவரைத் துளைத்து உள்ளே விழுந்தும் வெடிக்கவில்லை. அன்று ஊருக்குள் செத்தவர்கள் பலர். குண்டுக்கு முன்னால் ஒரு பாட்டி சிலுவை போட்டுக்கொண்டு நகர்ந்தார். நானும் கொஞ்ச நேரம் நின்றேன்.

ஆலயத்திலிருந்து ஐந்து நிமிடம் இறங்கினால் துறைமுகம், வாசலிலேயே பலாட்ஸோ சான் ஜோர்ஜோ. 1260இல் கட்டியது. கான்ஸ்டாண்டிநோபிளில் வெனிஸ்காரர்களின் மாளிகையை இடித்துக் கொண்டுவந்த கற்களும் இதில் இருக்கின்றன. 1407இல் தொடங்கிய சான் ஜோர்ஜோ வங்கி பிறகு இங்கிருந்துதான் நடந்தது. இன்றைக்குத் துறைமுக நிர்வாக அலுவலகமே இதற்குள் இருக்கிறது. எழுநூறு வருடக் கட்டடத்துக்குள் உட்கார்ந்து சரக்குக் கணக்குப் பார்க்கிறார்கள் என்றதும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அதைவிடப் பெரிதாக இன்னொன்றும் இருக்கிறது. வெனிஸ்காரரான மார்கோ போலோ கடற்போரில் ஜெனோவாவிடம் பிடிபட்டு, 1298இல் இந்த ஊர்ச் சிறையில் இருந்தார். இந்தக் கட்டடம்தான் அந்தச் சிறை என்பது ஊர் வழக்கு. அவருடைய பயணங்களைச் சொல்லக் கேட்டு எழுதியவர் சக கைதியான பீசா ஊர் ருஸ்திகெல்லோ. இவர் மெலோரியாப் போரில் சிறைப்பட்டவர் என்று கருதுகிறார்கள். நேற்று இரவு ஃபரினாத்தாக் கடையில் கேட்ட அதே போர்!

அந்தப் பயண விவரத்தில் 'காயில்' என்று ஒரு துறைமுகம் வருகிறது. ஹார்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரையும் சரக்கும் ஏற்றி வரும் கப்பல்கள் தங்கும் பெரிய பட்டினம், பாண்டிய நாட்டுச் சகோதர அரசர்களில் ஒருவரின் ஆட்சி, முத்துக் குளிப்பு எல்லாம் வருகின்றன. ஊர்க்காரர்கள் எப்போதும் ஒரு இலையை வாயில் அடக்கி மென்றுகொண்டிருப்பதாகவும், அதற்குப் பெயர் 'தெம்புல்' என்றும் இருக்கிறது. தாம்பூலம்! அந்த ஊரைப் பழையகாயல் என்று அடையாளம் காட்டியவர் கால்டுவெல். தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் சாலையில் போனால் தாமிரபரணி கடலில் சேரும் இடத்துக்குப் பக்கம். என் அம்மா பிறந்த ஊர் அது. இப்போது உப்பளம், பனை, கடலை விட்டுத் தள்ளிப்போய்விட்ட கரை. எங்கள் பாட்டி வெற்றிலை இடித்த சின்ன இரும்பு உரல் இன்னும் வீட்டில் இருக்கிறது.

மகளிடம் சொன்னேன். அவள் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். "ஜெயில்ல உக்காந்துக்கிட்டு ஆச்சி ஊர நெனச்சிருக்காருப்பா" என்றாள்.

மதியம் பெஸ்தோ. அதில் போடும் 'பசிலிக்கோ' நம்ம திருநீற்றுப்பச்சிலைதான், சப்ஜா விதை தரும் அதே செடி. ஊருக்கு மேற்கே பிரா என்ற பகுதியில் வளர்வதைத்தான் இவர்கள் மதிக்கிறார்கள். செடி குட்டியாக இருக்கும்போதே பறித்துவிடுகிறார்கள், முற்றினால் வாசனை மாறிவிடுமாம். பளிங்கு உரலில் மரக் குழவியால் இலை, பூண்டு, பைன் கொட்டை, இரண்டு வகைப் பாலாடைக்கட்டி, உப்பு, எண்ணெய் சேர்த்து இடிப்பார்கள். முறுக்கிய சின்ன மாவுத் துண்டுகளோடு உருளைக்கிழங்கும் பச்சை பீன்ஸும் வெந்து, அதன்மேல் இந்தத் துவையல். ஆமாம், துவையல் என்றே எழுதுகிறேன். கிழங்கைப் போட்டுக் குழம்பைக் கெட்டியாக்கும் புத்தி எங்கள் வீட்டிலும் உண்டு. ஒரு தட்டு 12 யூரோ. பில்லில் உட்காருவதற்கென்று ஆளுக்கு 2 யூரோ 50 சேர்ந்திருந்தது. இங்கே பல ஊர்களிலும் உள்ள வழக்கமாம். எனக்கு அது சரியாகப் படவில்லை.

அக்டோபர் 16, மூன்றாம் நாள்

விடியும் முன்பே மகளின் செல்போனில் எச்சரிக்கை. ஆரஞ்சு அளவு மழை. பூங்காக்களும் கல்லறைத் தோட்டமும் மூடல். ஸ்தாலியெனோ கல்லறைத் தோட்டத்துக்குப் போவதாக இருந்தோம், முடியாமல் போயிற்று.

மழையைப் பார்க்காதவனா நான்? ஆனால் இது வேறு மாதிரி. மலை ஊரின் முதுகிலேயே நிற்பதால் பெய்த தண்ணீர் நிமிடங்களில் கடலுக்கு ஓடப் பார்க்கிறது. சந்துகள் எல்லாம் ஓடையாகிவிட்டன. பிசாஞ்ஞோ ஆற்றின் கடைசிப் பகுதியைப் போன நூற்றாண்டிலேயே மூடி, மேலே சாலையும் கட்டடமும் எழுப்பிவிட்டார்கள். அதில் வந்து சேரும் ஃபெரெஜ்ஜானோ ஓடை 2011 நவம்பர் 4 அன்று பெருகியதில் 4 பெண்களும் 2 சிறுமிகளும் இறந்தார்கள். வீட்டுக்காரம்மா அதை நினைவுபடுத்தி, "ஓடை இருக்கும் பக்கம் போகாதீர்கள், தரைக்குக் கீழே இறங்காதீர்கள்" என்று செய்தி அனுப்பியிருந்தார். 2015 டிசம்பரில் சென்னையில் என் தம்பி குடும்பம் மொட்டை மாடியில் இரண்டு நாள் கிடந்தது. ஆற்றின் இடத்தை எடுத்துக்கொண்டால் எந்த ஊராக இருந்தாலும் இதுதான் கதி.

பத்து மணிக்குக் கொஞ்சம் வெறித்தது. பக்கத்து வியா கரிபால்தி தெருவுக்குப் போவதற்குள் மறுபடி பிடித்துக்கொண்டது. ஒரு பொத்தான் நூல் கடையின் வாசலில் ஒதுங்கினோம். உள்ளே தரையிலிருந்து கூரை வரை மர இழுப்பறைகள், ஒவ்வொன்றின் முகப்பிலும் உள்ளே இருக்கும் பொத்தான் ஒன்று தைத்திருந்தது. கடைக்காரம்மாவுக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டி ஏதோ சலித்துக்கொண்டார். பிறகு உள்ளே போய்ப் பெரிய கறுப்புக் குடை ஒன்றைக் கொண்டுவந்து மகள் கையில் திணித்தார். "நாளைக்குக் கொண்டுவந்து குடு" என்றாராம். பெயரும் கேட்கவில்லை, எங்கே தங்கியிருக்கிறோம் என்றும் கேட்கவில்லை. நாங்கள் ஒரு பொத்தான்கூட வாங்கவில்லை.

அந்தத் தெருவின் மாளிகைகளைப் பற்றி எழுத எனக்கு அதிகம் இல்லை. வங்கிப் பணத்தில் செழித்த குடும்பங்கள் 16ஆம் நூற்றாண்டில் வரிசையாகக் கட்டியவை. அரசு விருந்தாளிகள் வந்தால் எந்த வீட்டில் தங்கவைப்பது என்று பட்டியல் வைத்துச் சீட்டுப் போட்டிருக்கிறார்கள். அந்தப் பட்டியலுக்கு 'ரோல்லி' என்று பெயர். அப்படிப்பட்ட 42 மாளிகைகளை யுனெஸ்கோ 2006இல் உலகப் பாரம்பரியச் சின்னத்தில் சேர்த்தது. ஓவியங்களும் கூரைச் சித்திரங்களும் அழகுதான். ஈரச் செருப்போடு நடந்து கால் வலித்ததுதான் எனக்கு நினைவிருக்கிறது.

ஒன்றே ஒன்றைச் சொல்ல வேண்டும். தூர்ஸி மாளிகையில் கண்ணாடிக்குள் ஒரு வயலின். 1743இல் குவார்னேரி தெல் ஜேசு செய்தது. இந்த ஊரில் பிறந்த வயலின் மேதை பகனீனி வாசித்தது, அவரே 'பீரங்கி' என்று செல்லப்பெயர் வைத்து, சாகும்போது ஊருக்கு எழுதி வைத்தது. தாடை பட்ட இடத்தில் வார்னிஷ் தேய்ந்து மரம் வெளுத்திருக்கிறது. சரக்கு மூட்டை தூக்கியவர்களின் தோளில் பட்டிருக்கும் காய்ப்பை நான் பார்த்திருக்கிறேன். மரத்துக்கும் அப்படி ஒரு தழும்பு.

இரவு பொரித்த நெத்திலி, கூம்புத் தாளில், 7 யூரோ. எலுமிச்சை பிழிந்து முள்ளோடு மென்றோம்.

அக்டோபர் 17, நான்காம் நாள்

கழுவிவிட்ட மாதிரி வெயில். 34ஆம் எண் பஸ் ஏறி ஸ்தாலியெனோ போனோம்.

கல்லறைத் தோட்டத்துக்கா சுற்றுலா என்று மகள் முதலில் கேட்டாள். 1851இல் திறந்தது. நுழைவுக் கட்டணம் இல்லை. நீண்ட தாழ்வாரங்கள், இரு பக்கமும் ஆள் உயரப் பளிங்குச் சிலைகள். தேவதைகள் குறைவு, வீட்டு மனிதர்கள்தான் அதிகம். கதவைத் தட்டி நிற்கும் மனைவி, படுக்கையில் கிடக்கும் அப்பா, அவர் முகத்துத் துணியை விலக்கிப் பார்க்கும் மகன், குழந்தையைத் தூக்கிப் பிடித்து முத்தம் கொடுக்க வைக்கும் தாய். சட்டையின் தையலும் சரிகைத் துளையும்கூடக் கல்லில் இருக்கின்றன. நூற்றைம்பது வருடப் புழுதி மேலே படிந்து, மடிப்புகளெல்லாம் நிழல் விழுந்தது போலக் கறுத்திருக்கின்றன. கப்பல் முதலாளிகள், வியாபாரிகள், வங்கிக்காரர்கள் தங்கள் துக்கத்தைச் செதுக்கி வைக்கக் காசு கொடுத்த இடம்.

அவர்கள் நடுவில் ஒரு கிழவி நிற்கிறாள். காத்தரீனா காம்போதோனிக்கோ. திருவிழாக்களிலும் மலைக்கோயில் வாசல்களிலும் ஹேசல் கொட்டைகளைக் கயிற்றில் கோத்த மாலையும் வளைய ரொட்டியும் விற்றுப் பிழைத்த பெண். நோயில் விழுந்தபோது அவள் சேமிப்பைப் பங்கு பிரிப்பதில்தான் சொந்தக்காரர்களுக்குக் கவனம் இருந்திருக்கிறது. பிழைத்து எழுந்தாள். இருந்த காசையெல்லாம் கொண்டுபோய், பணக்காரர்களுக்குச் சிலை செய்த லொரென்ஸோ ஒரெங்கோவிடம் கொடுத்துத் தன்னைச் செதுக்கச் சொன்னாள். 1881இல் சிலை நின்றது. தன் சிலைக்கு முன்னால் தானே நின்று பார்த்துவிட்டு, அடுத்த வருடம் இறந்தாள்.

நான் அங்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றேன். பண்டிகைக்கு உடுத்தும் பூவேலைத் துணி, குஞ்சம் வைத்த சால்வை, இடுப்பில் நல்ல ஏப்ரன். முகத்தை அழகாக்கவில்லை. சுருக்கங்கள் இருக்கின்றன, உதடு இறுகியிருக்கிறது, கைகள் உழைத்த கைகள். அந்தக் கைகளில் கொட்டை மாலையும் ரொட்டியும். விற்ற பொருளை அவள் மறைக்கவில்லை. கீழே ஜெனோவா வட்டாரப் பேச்சிலேயே ஒரு கவிதை பொறித்திருக்கிறது. வெயிலிலும் மழையிலும் கொட்டை விற்றுச் சேர்த்த காசில் இதைச் செய்தேன், இந்த வழியாகப் போகிறவர்கள் எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம். இத்தாலி மொழி தெரிந்த மகளுக்கே பாதிதான் புரிந்தது. பக்கத்தில் பூ வைக்க வந்த ஒரு பெண்மணி சொல்லிச் சொல்லிப் புரியவைத்தார். அவர் பூ கொண்டுவந்தது தன் அப்பா கல்லறைக்கு. அதிலிருந்து ஒன்றை எடுத்து காத்தரீனாவின் காலடியில் வைத்துவிட்டுப் போனார். முன்னமே நாலைந்து பூக்கள் கிடந்தன. பெரிய பெரிய குடும்பங்களின் தேவதைகள் காலடியில் நான் பார்த்தவரை ஒன்றும் இல்லை.

எங்கள் துறைமுக வாசலில் முப்பது வருடம் சுண்டலும் அவித்த கடலையும் விற்ற ஒரு ஆச்சி இருந்தார். லாரிகள் கிளப்பிய புழுதியில் உட்கார்ந்திருப்பார். அவர் போட்டோகூட யாரிடமும் இல்லை. என்னிடமும் இல்லை. அது இத்தனை வருடத்தில் இன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. மகள் ஒன்றும் பேசாமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இத்தாலி ஒரே நாடாகப் பாடுபட்ட மஸ்ஸீனியின் கல்லறை மேலே மரங்களுக்கு நடுவில் இருக்கிறது. ஏறிப் பார்த்து வந்தோம். கால் ஓய்ந்துவிட்டது.

மாலையில் காஸ்தெல்லெத்தோ லிஃப்ட். ஓடு பதித்த சுரங்க வழியாக நடந்து, மர பெஞ்சு வைத்த பழைய லிஃப்டில் ஏறினால் குன்றின் மேல் இறக்கிவிடுகிறது. இந்த ஊரில் லிஃப்டும் கயிற்று ரயிலும் டவுன் பஸ் மாதிரி, காய்கறிப் பையோடு ஏறுகிறார்கள். மேலிருந்து பார்த்தால் பலகைக்கல் கூரைகள் அலை அலையாகக் கடல்வரை இறங்குகின்றன. அந்தப் பக்கம் 'லந்தேர்னா', 1543இல் கட்டிய 77 மீட்டர் கலங்கரை விளக்கம். இருட்டியதும் அது சுற்ற ஆரம்பித்தது. கீழே கிரேன்களின் விளக்குகள். இரண்டாம் ஷிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது.

குடையைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். கடை பூட்டியிருந்தது.

அக்டோபர் 18, கடைசி நாள்

சிங்க்வே தேர்ரேவுக்கு ஒரு நாள் மட்டுமாவது போய்வரலாமா என்று மகள் கேட்டாள். "வேண்டாம்மா, எனக்குத் துறைமுகத்தப் பாக்கணும்" என்றேன்.

பழைய துறைமுகம், போர்த்தோ அந்தீகோ, இப்போது உலாவும் இடம். கொலம்பஸ் பயணத்தின் 500ஆம் ஆண்டான 1992க்காக இந்த ஊர்க்காரரான கட்டடக் கலைஞர் ரென்ஸோ பியானோ திருத்தி அமைத்தார். மீன் காட்சியகம், ஐஸ்கிரீம், குழந்தைகள். கொலம்பஸ் வீடு என்று காட்டும் சின்ன வீட்டை வழியில் பார்த்தோம், பிற்காலத்தில் திரும்பக் கட்டியதாம். என் மனசு படகில் ஏறி வேலை நடக்கும் பக்கம் போவதில்தான் இருந்தது.

படகுக்காரர் 'கமால்லி'களைப் பற்றிச் சொன்னார். துறைமுகச் சுமை தூக்குவோருக்கு இங்கே அதுதான் பெயர். 'ஹம்மால்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. நம் நாட்டில் ரயில்வே சரக்கு ஷெட்டுகளில் 'ஹமாலி' என்பதும் அதே சொல்தான். இவர்களின் பழைய சங்கம் ஒன்றுக்கு 1340லேயே எழுதிய விதிமுறை இருந்திருக்கிறது. 1340! வங்கி வருவதற்கு முன்பே மூட்டை தூக்குகிறவர்கள் கூடி எழுதிவைத்துவிட்டார்கள்.

கடலில் புதிய அலைதடுப்புச் சுவர் கட்டுகிறார்கள். பெரிய கொள்கலன் கப்பல்கள் திரும்ப இடம் வேண்டி, பழைய சுவருக்கு வெளியே, சில இடங்களில் 50 மீட்டர் ஆழத்தில். 2023இல் தொடங்கிய வேலை. கல் கொட்டும் கப்பல் ஒன்று எங்களுக்கு முன்னாலேயே சாய்ந்து கொட்டியது. படகில் இருந்தவர்கள் எல்லாம் ஊரைப் படம் எடுக்க, நான் ஒருவன்தான் மறுபக்கம் திரும்பி அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைக் கவனித்த படகுக்காரர் என்ஜினைக் கொஞ்சம் தணித்தார்.

மேற்கே பொல்சேவெரா பள்ளத்தாக்கின் மேல் புதிய பாலம். 2018 ஆகஸ்ட் 14 அன்று மொராந்தி பாலம் இடிந்து 43 பேர் இறந்த இடம். இரண்டு வருடத்தில் ரென்ஸோ பியானோ வரைந்த புதுப் பாலம் எழுந்துவிட்டது. அதன் பெயரைச் சொன்னதும் அதுவரை பேசிக்கொண்டே வந்த படகுக்காரர் நிறுத்திவிட்டார். பிறகு கரைவரை அவர் பேசவில்லை.

மதியம் பெட்டியைக் கயிற்றால் கட்டித் தயார் செய்துவிட்டுப் பொத்தான் கடைக்குப் போனோம். குடையை நீட்டினேன். கூடவே ஒரு பொட்டலம் ஃபொக்காச்சா. வாங்க மாட்டேன் என்று ரொம்ப நேரம் வாதாடி, வாங்கிக்கொண்டார். பிறகு ஆரம்பித்தார். மழை, படிக்கட்டு, முழங்கால், பொத்தானை எவனும் தைப்பதில்லை சட்டையையே தூக்கிப் போடுகிறான்கள், மகன் போன் செய்வதில்லை, வாடகை. மகள் முதலில் ஒவ்வொன்றாக மொழிபெயர்த்தாள், அப்புறம் விட்டுவிட்டாள். அவருக்கு மூச்சு வாங்கியபோது நான் தமிழில் சொன்னேன்: எங்க ஊரிலயும் தையக்கடைக்காரங்க அத்தன பேரும் போயிட்டாங்கம்மா, எனக்கும் முழங்கால்தான், இவளும் வாரத்துக்கு ஒரு தடவைதான் போன் பண்ணுதா.

அவருக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது. முழுசும் கேட்டார், தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். அப்புறம் ஒரு இழுப்பறையைத் திறந்து, என் சட்டையில் கழன்று போயிருந்த இரண்டாவது பொத்தானுக்குச் சரியான ஒன்றைத் தேடத் தொடங்கினார்.